அருங்காட்சியகம் என்ற பலகையை நம்பி உள்ளே செல்வோர் கவனத்திற்கு

சென்ற தை மாதம் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்காக ஊருக்கு வந்திருந்தபோது, மகனுடன் வேலை பார்க்கும் நண்பர்கள் இருவரும் உடன் வந்திருந்ததால், காரைக்குடிக்கு அருகே ஒரு பழைய வீட்டின் முகப்பில் ‘அருங்காட்சியகம்’ என்று பலகை மாட்டியிருந்த இடத்துக்கு அவர்களை அழைத்துச் சென்றேன். அங்கு நடந்ததை எழுதி வைப்பது நல்லது என்று தோன்றுகிறது.

நுழைவுக் கட்டணம் தலைக்கு 200 ரூபாய். உள்ளே போன பிறகுதான் கைபேசிக்கும் தனிக் கட்டணம் உண்டு என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நடு முற்றமான வளவைச் சுற்றியிருந்த அறைகளில் பாதி பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள், எங்கள் நகரத்தார் திருமணத்தில் பெண்ணுக்கு அணிவிக்கும் தங்கக் கழுத்தணியான கழுத்திரு என்று வைத்திருந்தது பித்தளையில் செய்த நகல். நகல் என்று அட்டையில் ஒரு சொல்லும் இல்லை. பக்கத்தில் கிடந்த, திருமண ஒப்பந்தம் எழுதும் இசைகுடிமானம் யாருடைய திருமணத்துக்கு, எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்ற குறிப்பும் இல்லை. தூண் முதல் முக்காலி வரை எதைக் கேட்டாலும் ‘பர்மா தேக்கு’ என்பதுதான் வழிகாட்டியின் ஒரே பதில்.

இரண்டாம் கட்டுக்குப் போனதும் அருங்காட்சியகம் கடையாகிவிட்டது. அங்கே ஒரு நீல நிற எனாமல் தூக்கைக் காட்டி, 1910-ஆம் ஆண்டில் சுவீடனிலிருந்து வந்தது, கடைசி ஒன்று, காட்சிக்கு வைத்திருந்ததையே உங்களுக்காகத் தருகிறோம் என்றார் வழிகாட்டி. சுவீடன் எனாமல் சாமான்கள் நம் வீடுகளுக்கு வந்தது உண்மை என்பதால், ‘வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி’ என்று சொன்னவளே நான்தான். நண்பர்களில் ஒரு பையன் 6,500 ரூபாய் கொடுத்து வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் என் அயித்தை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ஈரத் துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்தார். சுவீடன் முத்திரை துணியோடு வந்துவிட்டது. பழைய சாமான்களில் முத்திரை எனாமலோடு சேர்த்துச் சுடப்பட்டிருக்கும், தேய்த்தாலும் போகாது என்று அப்போதுதான் சொன்னார். விருந்தாளிக்கு முன்னால் எனக்குத் தலை நிமிரவில்லை.

மறுநாள் திரும்பப் போனபோது ரசீதைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் பொருளின் பெயரே இல்லை. ‘நன்கொடை’ என்று மட்டும் எழுதியிருந்தது. நன்கொடையைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். நூறாண்டுப் பொருள் என்று சொல்லி விற்பவரிடம் அந்த உரிமத்தைக் காட்டும்படி கேளுங்கள். நான் மறுநாள் கேட்டபோது அதே வழிகாட்டி, ‘அவ்வளவு பழசெல்லாம் இல்லை ஆச்சி’ என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். பொருளின் பெயரும் ஆண்டும் எழுதாத ரசீதுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பழம்பொருள் வாங்குவதுதான் நோக்கம் என்றால் காரைக்குடி முனீசுவரன் கோவில் தெருவுக்கே போகலாம். அங்கே கடை கடையாகவே இருக்கிறது, பேரமும் பேசலாம். பார்ப்பதுதான் நோக்கம் என்றால் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். தூக்கின் விலையை அந்தப் பையனிடம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.