ஜாஸுக்கு எந்த ஹார்ப்: பெடலா, லீவரா?

டெட்ராய்ட்டின் ஜாஸ் ஹார்ப் கலைஞர் டோரதி ஆஷ்பி 1957-ல் தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது காலால் ஸ்வரம் மாற்றும் பெடல் ஹார்ப்பில். கொலம்பியாவின் ஜாஸ் ஹார்ப் கலைஞர் எட்மார் காஸ்டனேடா கையிலிருப்பதோ லீவர் (தந்திக்குத் தந்தி கையால் திருப்பும் சிறு நெம்பு) பொருத்திய நாட்டுப்புற ஹார்ப். ஆக, இரண்டிலும் பிழைக்கலாம்.

பெடல் ஹார்ப்பில் 47 தந்திகள், ஸ்வரத்துக்கு ஒன்றாக 7 பெடல்கள். ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை: மேலே ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கம்), நடுவில் இயல்பு, கீழே ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றம்). ஒரு மிதியில் அந்த ஸ்வரம் எல்லா ஆக்டேவிலும் மாறும். சி, டி ஷார்ப், ஈ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி ஃபிளாட், ஏ, பி ஷார்ப் என்று வைத்துத் தந்திகளை வருடினால் சி டிமினிஷ்ட் செவன்த் கார்டு (சி, ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், ஏ சேர்ந்த ஸ்வரக்கூட்டு) தவிர வேறெதுவும் கேட்காது; டி ஷார்ப்பும் ஈ ஃபிளாட்டும் போல மற்றவை இவற்றோடு ஒரே ஒலிதான். ஈ ஃபிளாட்டில் சுருதி சேர்த்த லீவர் ஹார்ப்பில் இது நடக்காது. லீவர் தந்தியை அரை ஸ்வரம் ஏற்ற மட்டுமே செய்யும் என்பதால், அங்கே ஜி தந்தி ஜி அல்லது ஜி ஷார்ப்தான் தரும்.

பெடலில் வரும் வம்பு இரண்டு. டி, சி, பி மூன்றும் இடது காலுக்கு. இரண்டு ஒரே நொடியில் மாறவேண்டுமென்றால் ஒன்றை முன்கூட்டியே மிதித்துவிட வேண்டும். அதிரும் தந்தியில் பெடலை மாற்றினால் 'ஸ்ஸ்' என்று இரையும். முதலில் உள்ளங்கையால் அடக்குங்கள்.

லீவரில் மாற்றுவது இடது கை. அந்த நேரம் அந்தக் கை வாசிக்கும் பேஸ் (தாழ்ந்த ஸ்வர) வரி அறுந்துபோகும், ஆகவே கார்டுகள் வேகமாக மாறும் பீபாப் என்ற ஜாஸ் பாணிப் பாட்டுக்கு இது சரிப்படாது. ஆனால் கீழ் ஆக்டேவின் எஃப் தந்தியை எஃப், மேல் ஆக்டேவின் எஃப் தந்தியை எஃப் ஷார்ப் என்று வைக்க முடியும். பெடலால் முடியாத காரியம்.

சுமை? பெடல் ஹார்ப் சுமார் 36 கிலோ. மாடிப்படி உள்ள கிளப் என்றால் லீவர்தான்.