நாய்ப் பயிற்சி என்று 18,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லாப்ரடார் பிரவுனி கொஞ்ச நாளாகத் தலையைத் தடவப் போனாலே உறுமினான். ஒருமுறை அம்மாவின் கையைக் கவ்வப் பார்த்தான். இன்ஸ்டாகிராமில் தேடியதில் 'நாய் நடத்தை நிபுணர்' நடத்தும் பயிற்சி விடுதி ஒன்று அகப்பட்டது. பெயர் வேண்டாம். புறநகரில் பண்ணை, ரீல்ஸில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுகள், அந்த ரகம்.

ஆள் வீட்டுக்கு வந்தார். சோபாவைக் காட்டினோம், வேண்டாம் என்று தரையிலேயே உட்கார்ந்தார். பையிலிருந்து ஈரல் துண்டு ஒன்றை எடுத்தார். பிரவுனி வாலாட்டிக்கொண்டு போய் அவர் மடியில் தலைவைத்துப் படுத்துவிட்டான். அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "இவனுக்கு ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்கு தான்தான் லீடர்னு நினைக்கிறான். என்கிட்ட விடுங்க, தங்கமா தர்றேன்" என்றார். லேமினேட் செய்த சான்றிதழ் வேறு. முழுப் பணமும் முன்கூட்டியே, 18,500 ரூபாய். அங்கேயே ஜிபேயில் போட்டோம். ஈரலைக் காட்டினால் எந்த லாப்ரடாரும் யார் மடியிலும் படுக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரியாதா என்ன!

பிரவுனியை அங்கே விட்ட பிறகு பார்க்க வரலாமா என்றால், "நீங்க வந்தா பயிற்சி கெட்டுடும்." வீடியோ கேட்டால் தூரத்திலிருந்து எடுத்த ஒரு துணுக்கு.

திரும்பி வந்தவன் உறுமவே இல்லை. சத்தமில்லாமல் நேராக என் மணிக்கட்டைக் கடித்தான். கழுத்து முடியை விலக்கினால் வரிசையாகப் புண். உள்பக்கம் முள் வைத்த சங்கிலிப் பட்டையைப் போட்டு இழுத்திருக்கிறார்கள். உறுமல் என்பது 'கிட்டே வராதே' என்று நாய் சொல்வது. அடித்து அதை நிறுத்தினால் சொல்லாமல் கடிக்கும், வேறென்ன?

எனக்கு ரேபிஸ் ஊசி. அவனைச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் முதலில் பார்த்ததே காதைத்தான். இரண்டிலும் சீழ். தொங்கு காது நாய்களுக்கு அடிக்கடி வருவதாம். தொட்டால் வலி, அதனால் உறுமல். லீடராம், லீடர்!

பணத்தைக் கேட்டேன். முதலில் "வீட்ல செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க சார்." அப்புறம் "இன்னொரு பேட்ச் போடலாம், பாதி ரேட்." அப்புறம் "ஓனர் ஊர்ல இல்ல." ஓனரே இவர்தான்! புண்ணின் போட்டோவை அனுப்பினேன், ப்ளூ டிக் விழுந்தது, பிளாக் செய்துவிட்டார். 18,500 ரூபாய்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. நாயின் குணம் திடீரென்று மாறினால் முதலில் கால்நடை மருத்துவர், பிறகுதான் பயிற்சியாளர். மருத்துவருக்குக் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும், கேளுங்கள். பயிற்சியாளருக்கு நம் நாட்டில் அப்படி எந்த உரிமமும் கட்டாயமில்லை, யார் வேண்டுமானாலும் நிபுணர் என்று போர்டு மாட்டலாம். கண்ணில் படாத இடத்தில் நாயை விடாதீர்கள். 'லீடர்' கதை பேசினால் வாசலைக் காட்டுங்கள். முழுப் பணம் முன்கூட்டியே கொடுக்காதீர்கள், பில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த 18,500-க்கு என்னிடம் இருப்பது ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான்.