கையால் பதிவதா, கோப்பாக ஏற்றுவதா?

மட்டக்களப்பு முகத்துவாரம் வெளிச்சவீட்டுப் பக்கம் ஜியோகேஷ், அதாவது ஜிபிஎஸ் கருவியால் தேடிக் கண்டுபிடிக்க யாரோ ஒளித்துவைத்த டப்பா, தேடப் போகிறீர்களா? ஓரிரு இடமென்றால் ஆள்கூறுகளைக் கையாலேயே ஜிபிஎஸ் கருவியில் பதியலாம், கணினி தேவையில்லை. ஆனால் அகலாங்கு நிமிடத்தின் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) முதல் தசம இலக்கம் ஒன்றால் பிசகினாலே 185 மீட்டர் தள்ளிவிடும். எனக்கு அப்படித்தான், கரையில் இருந்த டப்பாவைக் கருவி வாவிக்குள் காட்டியது. ஒரு பின்னேரமே வீணாய்ப் போனது.

ஆகவே என் தெரிவு, ஆள்கூறுகளைக் கணினியிலிருந்து அப்படியே கருவிக்கு ஏற்ற உதவும் ஜிபிஎக்ஸ் கோப்புத்தான். கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ் கருவி என்றால், யூஎஸ்பி வயரைக் கொழுவி, கருவியின் கார்மின் கோப்புறைக்குள் இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புறையில் போட்டால் சரி. ஜியோகேஷ் வசதியுள்ள கருவியில் விவரம், துப்பு, முன்பு தேடியவர்களின் குறிப்புகள் எல்லாம் கூடவே வரும். போனில் டேட்டா தீர்ந்தாலும் கல்லடிக் கடற்கரையில் நின்றே வாசிக்கலாம். அப்புறம், வயரைக் கழற்றுமுன் கணினியில் கருவியை முறைப்படி வெளியேற்றுங்கள். இல்லையென்றால் கோப்பு பழுதாகலாம்.