லாரிக்காரன் காலுக்கு ஒத்துவராத ஒரு பிரேக் பெடல்

கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுவதற்காக வாங்கிய ஸ்டியரிங் வீல் செட்டில் பிரேக் பெடல் பழுதாகி, இப்போதுதான் சரியாகி வந்திருக்கிறது. வருஷக்கணக்கில் உபயோகித்தாயிற்று, இனி எழுதலாம். கம்பெனி பெயர் வேண்டாம். பொம்மை ரகமும் இல்லை, லட்ச ரூபாய் ரகமும் இல்லை. உள்ளே பல்சக்கரமும் இரண்டு மோட்டாரும் வைத்து, 900 டிகிரி சுற்றி, மூன்று பெடலோடு வருமே, அந்த நடுத்தர விலை ரகம். அதன் பொதுவான நல்லது கெட்டதெல்லாம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். நான் பேசப்போவது நடுப் பெடலைப் பற்றி.

என் தொழிலைச் சொன்னால்தான் இது விளங்கும். சொந்தமாக 14 அடி லாரி வைத்து ஓட்டுகிறேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு மலை ஏறி, கேரளாவின் தென்மலைப் பக்கம் இறங்கி, புனலூரோ கொல்லமோ போய் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். புளியரை எஸ் வளைவு தெரிந்தவர்களுக்கு அந்த ரோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் ஓட்டுவது யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்கிற லாரி விளையாட்டு. செக் நாட்டுக்காரர்கள் செய்து 2012-ல் வெளியிட்டது, இன்னும் புதுப்புது ஊர்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

"நாள் பூரா லாரி ஓட்டிட்டு வந்து வீட்டுலயும் லாரிதானா அண்ணாச்சி?" என்று கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். என் வேலையில் ஓட்டுவது பாதிகூட இல்லை. லோடு ஏறும்வரை மார்க்கெட்டில் காத்துக்கிடப்பது, சிட்டை வாங்குவது, செக்போஸ்டில் நிற்பது, இறக்குகிற இடத்தில் கூலிக்கு மல்லுக்கு நிற்பது, வாடகைப் பாக்கிக்குப் போன் போடுவது என்று மீதிப் பொழுதெல்லாம் போய்விடும். விளையாட்டில் அதெல்லாம் கிடையாது. டிரெய்லரை மாட்டினால் ரோடுதான். எனக்குப் பிடித்த வேலையை, பிடிக்காத சங்கதிகளைக் கழித்துவிட்டுக் கொடுக்கிறது. ஓட்டத் தொடங்கியது பிரிட்டனில், அங்கேயும் நம்மைப் போல இடது பக்கம் போகும் வண்டிதான் என்பதால். கை பழகிய பிறகுதான் டோவரில் கப்பலேறிப் பிரான்ஸ் பக்கம் போனேன்.

இன்னொன்று, தூக்கம். இந்த விளையாட்டில் ஓட்டுநர் ஓய்வெடுக்காமல் ஓட்டினால் கொட்டாவி விடுவார், திரை இருட்டிக்கொண்டு வரும், அபராதமும் விழும். ஐரோப்பாவில் நிஜத்திலும் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தாக வேண்டும், ஒரு நாளைக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. நம் நாட்டிலும் 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்து, நாளைக்கு 8 மணி நேரம் என்று எழுதிவைத்தது. ஆனால் விடியுமுன் கத்தரிக்காய் கொல்லத்தில் இறங்கியாக வேண்டும் என்றால் யார் வந்து படு என்று சொல்கிறார்கள்? விளையாட்டில் லாரியை ஓரங்கட்டிப் படுக்கை பட்டனை அழுத்தும்போது எனக்கு உண்மையாகவே நெஞ்சு ஆறும்.

சரி, பிரேக்குக்கு வருகிறேன்.

லாரியில் இருப்பது ஏர் பிரேக். நம் கால் நேராக பிரேக்கை அழுத்துவதில்லை, ஒரு வால்வைத் திறக்கிறது. பெடல் எவ்வளவு தூரம் கீழே போகிறதோ அவ்வளவு காற்று போகும். அதனால் பெடலுக்குப் பலம் தேவையில்லை, அளவுதான் தேவை. அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று பாதத்துக்கே கணக்குத் தெரியும். இறக்கத்தில் சும்மா சும்மா மிதித்தால் ஏர் இறங்கிவிடும், சக்கரத்து பிரேக் டிரம் சூடேறி, அதில் உரசும் லைனர் பட்டை வாடை அடிக்கும். அதனால் ஆரியங்காவிலிருந்து கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம் வரைக்கும் கியரைக் குறைத்து, புகைபோக்கியை அடைத்து என்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, பெடலைத் தொட்டுத் தொட்டுத்தான் இறங்குவோம்.

இந்த செட்டில் பிரேக் பெடலுக்குள் ஸ்பிரிங் நடுவே ஒரு ரப்பர் கட்டையை வைத்திருக்கிறார்கள். பாதி தூரம் லேசாகப் போகும். அப்புறம் ரப்பரில் முட்டும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் தொடையிலிருந்து பலம் கொடுத்து மிதிக்க வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் சென்சாரோ அழுத்தத்தை அளப்பதில்லை, பெடல் போன தூரத்தைத்தான் அளக்கிறது. அதாவது நான் எவ்வளவு பலமாக மிதித்தேன் என்பது அதற்குத் தெரியாது, எவ்வளவு தூரம் போயிற்று என்பதுதான் தெரியும். அந்தத் தூரத்தை ரப்பர் தடுக்கிறது. இருபது டன் டிரெய்லரோடு இறக்கத்தில் வரும்போது ஒன்று வண்டி நிற்காது, இல்லையென்றால் குத்துகிற மாதிரி நிற்கும். போதாததற்கு, அந்தப் பலத்தில் மிதித்தால் டைல்ஸ் தரையில் பெடல் செட்டே வழுக்கிக்கொண்டு பின்னால் போகும். ஆசாரியிடம் சொல்லி ஒரு பலகையில் திருகி, பலகையைச் சுவரில் முட்டுக்கொடுத்து வைத்த பிறகுதான் அது நின்றது.

விளையாட்டின் அமைப்பில் பிரேக்கின் வலுவைக் கூட்டலாம், குறைக்கலாம். ஏர் பிரேக் நிஜம் போல வேலைசெய்ய ஒரு தேர்வும் உண்டு, அதைப் போட்டால் அடிக்கடி மிதிக்கும்போது காற்று இறங்கவும் செய்யும். விளையாட்டைச் செய்தவர்கள் அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்கள். பெடலைச் செய்தவர்கள் யோசித்தது கார்ப் பந்தயக்காரர்களை. காரில் பிரேக் எண்ணெயில் வேலை செய்வது, மிதிக்க மிதிக்கக் கெட்டிப்படும், பந்தயக்காரன் காலின் பலத்தை வைத்துத்தான் அளவு பார்ப்பான். அவனுக்கு அந்த ரப்பர் வரம். இதே வீலை வைத்து லாரி ஓட்டுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், அவர்களில் எத்தனையோ பேர் நிஜ லாரிக்காரர்கள். அவர்கள் காலை ஒரு தடவை நினைத்துப் பார்த்திருக்கலாம் என்பதுதான் என் ஆற்றாமை.

எல்லோருக்கும் இது குறையாகத் தெரியுமா என்றால் இல்லை. கங்கைகொண்டானில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இதே செட்டை வைத்திருக்கிறார். பிரேக்கா, அதற்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறது என்பார். அவருக்கு விளையாட்டில் பிடித்ததே லாரிக் கம்பெனி நடத்துவது. பேங்கில் கடன் எடுத்து லாரி வாங்குவார், கராஜ் போடுவார், டிரைவர்களை வேலைக்கு வைப்பார், எவன் எவ்வளவு சம்பாதித்தான் என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்தை நான் திறப்பதே இல்லை. எனக்கு நிஜத்திலேயே மாதம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும்.

அம்பாசமுத்திரத்தில் நெல் போடும் என் சித்தப்பா மகன் கதை வேறு. ஃபார்மிங் சிமுலேட்டர் விளையாட்டின் 2024-ல் வந்த பதிப்பில் நெல்லைச் சேர்த்திருக்கிறார்கள், வயலில் தண்ணீர் கட்டி நாற்று நடலாம். அவனுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நினைத்து உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் நட்டுப் பார்த்தான். "தண்ணி உடனே வந்துருதே, அப்புறம் என்னத்த வெள்ளாம?" என்று எழுந்துவிட்டான். பாபநாசம் அணை 143 அடியில் இன்றைக்கு எத்தனை அடி இருக்கிறது என்று தினமும் காலையில் பேப்பரில் பார்த்த பிறகுதான் அவன் டீ குடிப்பான். பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்பதில்தான் அவன் விவசாயமே இருக்கிறது. என் விளையாட்டில் காத்திருப்பு இல்லாதது எனக்குச் சுகம், அவன் விளையாட்டில் காத்திருப்பு இல்லாததால் அவனுக்கு அது வயலாகவே படவில்லை. இப்போது மொபைலில் கிரிக்கெட்தான் விளையாடுகிறான்.

என்னை அசர வைத்தது என் மதினி. வீட்டிலேயே மோட்டார் மிஷின் போட்டுப் பிளவுஸ் தைக்கிறார். ஸ்கூட்டி தவிர வேறு வண்டி தொட்டதில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எல்லோரும் வந்திருந்தபோது பிள்ளைகள் பிடித்து உட்கார வைத்தார்கள். கியரைத் தானாக மாறும்படி போட்டுக்கொடுத்தேன். முதல் தடவை உட்காருகிறவர்கள் எல்லோரும் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்து முதல் வளைவிலேயே வேலியில் ஏற்றுவார்கள். மதினி செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைத் தரையில் ஊன்றி, முன்பாதத்தை மட்டும் பெடலில் வைத்தார். லாரி வழுக்கிக்கொண்டு கிளம்பியது, ஒரு குலுக்கல் இல்லை. வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே காலை எடுத்தார், வளைவு முடிகிற இடத்தில் மறுபடி மெல்லக் கொடுத்தார். லைசென்ஸ் எடுக்கிற பையன்களுக்கு வருஷக்கணக்கில் நான் சொல்லியும் ஏறாத பாடம் அது. எப்படி மதினி என்று கேட்டால், "கழுத்து வளைவு தைக்கையில முன்னாலயே கால எடுத்துரணும்லா? உள்ள போயி நிறுத்துனா தையல் கோணிரும். இதுவும் அப்படித்தானே இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அவர்கள் காலைத்தான் பார்க்கிறேன். ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் அவருக்கு எந்த விளையாட்டுப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அந்த வேலை அவர் கையையும் காலையும் எப்படிப் பழக்கியிருக்கிறது, எதற்கு ஏங்க வைத்திருக்கிறது என்று தெரிந்தால் ஓரளவு சொல்லிவிடலாம். எங்கள் பக்கம் விளையாட்டு என்றாலே ரம்மியில் பணம் விட்டவர்கள்தான் பெரியவர்கள் நினைவுக்கு வருவார்கள். 2025-ல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குச் சட்டமே போட்டுத் தடை செய்தார்கள், நல்ல காரியம். ஆனால் இது அந்தக் கூட்டத்தில் சேர்ந்ததில்லை என்று எங்கள் வீட்டு ஆட்களுக்கு மதினி ஓட்டிய அன்றைக்குத்தான் புரிந்தது.

இனி ரிப்பேர். விளையாட்டில் சமவெளி ரோட்டில் போகும்போது நான் காலே வைக்காமல் பிரேக் லைட் எரிந்து எரிந்து அணைந்தது, வண்டி தானாக இழுத்துப் பிடித்தது. கம்பெனி சர்வீஸில் பெடல் மட்டும் தனியாகத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தென்காசியில் டி.வி., மிக்சி பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். திருகுகளைக் கழற்றித் திறந்தவர், சென்சாரைச் சுற்றிப் பஞ்சு மாதிரி சேர்ந்திருந்த தூசியை இடுக்கியால் எடுத்துப் பேப்பரில் வைத்தார். அதில் பழுப்பாக, மெல்லிசாக, பல்லாரி வெங்காயச் சருகு. லாரியில் என் காலில் ஒட்டிக்கொண்டு வந்து பெடலுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்ததும் சென்சார் பழையபடி ஒழுங்காக வேலை செய்தது. பார்த்த கையோடு அந்த ரப்பர் கட்டையையும் எடுத்துவிடச் சொன்னேன்.

ரப்பர் போனதும் அது வேறு பெடல். தூரத்துக்குத் தகுந்த பிரேக், காலுக்குப் பாரமில்லை, விளையாட்டில் வரும் ஆஸ்திரியா மலை இறக்கத்தில் ஆரியங்காவில் தொடுவது போலவே தொட்டுத் தொட்டு இறங்க முடிகிறது. இதை வாங்கிய அன்றைக்கே இப்படிக் கொடுத்திருந்தால் நான் கம்பெனி பெயரை ஊர் பூராவும் சொல்லியிருப்பேன். ஆனால் கார் ரேஸ் ஆடும் என் மகனுக்கு இப்போது கோபம். பிரேக் சவசவ என்றிருக்கிறது, எங்கே நிற்கும் என்றே தெரியவில்லை என்கிறான். அவன் சொல்வதும் சரிதான். சனி, ஞாயிறு ரப்பர் உள்ளே, மற்ற நாள் வெளியே என்று பேசி வைத்திருக்கிறோம், ஸ்க்ரூடிரைவர் மேஜையிலேயே கிடக்கிறது.

மற்றபடி ஸ்டியரிங்கில் எனக்குக் குறையில்லை. நிஜ லாரி ஸ்டியரிங் இதைவிட நிறையச் சுற்று சுற்றும், இரண்டரைச் சுற்றில் முடிந்துவிடுவதற்குக் கை சீக்கிரம் பழகிவிடும். ராத்திரியில் பல்சக்கரச் சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேட்கும். டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதை இதில்தான் கற்றுக்கொண்டேன், அது தனிச் சந்தோஷம்.

சுரண்டையிலிருந்து ஒரு டிரைவர் தம்பி, பழைய செட் ஒன்று விலை குறைவாக வருகிறது, வாங்கலாமா அண்ணாச்சி என்று கேட்டிருக்கிறார். வேண்டாம் தம்பி. உங்கள் கால் என் கால் மாதிரித்தான், முதல் நாளே எரிச்சல் வரும், பூட்டியிருப்பதைப் பிரிக்க எல்லோருக்கும் மனசு வராது. தையல்காரர்கள், கணக்கு எழுதுகிறவர்கள், வாத்தியார்மார் யாராவது கேட்டால் தாராளமாக வாங்கச் சொல்வேன். என்னுடையதை யாரும் விலைக்குக் கேட்க வேண்டாம், கொடுக்கமாட்டேன். இத்தனைக்கும் மீறி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ரப்பரைக் கழற்றுகிற அன்றைக்கு வாரண்டி போய்விடும் என்பதைத் தெரிந்துகொண்டு கழற்றுங்கள். கழற்றிய கட்டையைத் தூரப் போட்டுவிடாதீர்கள், எங்கள் பக்கம் எந்தக் கடையிலும் அது தனியாகக் கிடைப்பதில்லை.