சுண்டெலிகளுக்கான வெப்ப விரிப்பு: ஓசூர் ஆய்வகத்திலிருந்து ஒரு மதிப்புரை

மயக்க மருந்து செலுத்திய சுண்டெலியின் உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸிலிருந்து விரைவில் சரிவதால், ஒளி பட்டதும் விழித்திரையில் எழும் மின் அலைகள் சிறுத்தும் தாமதித்தும் பதிவாகி, நலமான கண்ணையே நோயுற்றதாகக் காட்டிவிடக்கூடும். மார்கழிக் குளிர் வாட்டும் ஓசூரில் எங்களுக்கு இந்த விரிப்பு பெருந்துணை. மலக்குடலில் வைக்கும் மெல்லிய உணரி, வெப்பம் குறைந்ததும் விரிப்பைத் தானே சூடாக்குகிறது. குளிரால் கண்வில்லை வெண்மையாக மங்குவதும் அரிதாகிவிட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் பச்சை எண்கள்தான் பெருங்குறை. இருளுக்குப் பழகிய விழித்திரையை அச்சிறு ஒளியும் பாதிக்கும் என்பதால், மங்கிய சிவப்பு விளக்கில் வேலை செய்யும் நாங்கள் அந்த எண்களைக் கறுப்புத் துணியால் மூடிவிடுகிறோம். உணரியின் கம்பி இன்னும் உறுதியாக இருந்திருக்கலாம். பதிவில் மின் இரைச்சல் கலக்காததால், கொடுத்த விலை தகும் என்றே கருதுகிறேன். வாங்குவோர், மயக்கம் தெளியும்வரை எலியை இதன்மேலேயே கிடத்தி வைக்கவும்.