பழைய அனிமே, புதிய அனிமே: பல வருடம் இரண்டையும் பார்த்த பிறகு

அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில் பழையவைதான் உசத்தி என்று ஒரு கூட்டம், அந்தக் காலத்துத் தொடர்களில் படம் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை என்று இன்னொரு கூட்டம். வருடக்கணக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு. வரையும் விதம் மாறியதைவிட, கதைக்குக் கொடுக்கும் நேரம்தான் ரொம்ப மாறியிருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க வசதியாக ஒரே கதையை இரண்டு முறை எடுத்திருக்கிறார்கள்: ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட். ஹிரோமு அரகாவாவின் மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) வந்துகொண்டிருந்தபோதே போன்ஸ் ஸ்டூடியோ அதை 2003-ல் 51 எபிசோடாக எடுத்தது. மாங்கா முடியவில்லை என்பதால் போகப்போகச் சொந்தக் கதைக்குத் திரும்பிவிட்டார்கள். 2009-ல் அதே ஸ்டூடியோ 'பிரதர்ஹுட்' என்ற பெயரில் முதலிலிருந்து தொடங்கி, மாங்காவை ஒட்டியே 64 எபிசோடில் முடித்தது. கதை தெரியாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நீனா என்ற சிறுமியையும் அவள் நாய் அலெக்சாண்டரையும் அவள் அப்பனே ரசவாதத்தால் ஒரே பிராணியாக்கிவிடும் இடம் இரண்டிலும் வருகிறது. 2003-ல் கதாநாயகன் எட்வர்ட் தேர்வுக்குப் படிப்பதற்காக அந்த வீட்டில் தங்குகிறான்; பிறந்தநாள் கொண்டாட்டம் வரைக்கும் போகிறது பழக்கம். அதற்கப்புறம்தான் அந்த இரவு. பிரதர்ஹுட்டில் நான்காவது எபிசோடுக்குள் அறிமுகம், சிரிப்பு, கொடூரம் எல்லாம் முடிந்துவிடுகிறது. ராணுவ அதிகாரி ஹியூஸ் சாவும் அப்படித்தான். பழையதில் 25-வது எபிசோட், புதியதில் 10-வது. மகள் போட்டோவை நீட்டி நீட்டி எல்லோரையும் அறுக்கும் அந்த மனுஷனோடு 25 எபிசோட் இருந்துவிட்டு இழப்பது வேறு கனம். பிற்பாதிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். கதையை முடிச்சு முடிச்சாகப் போட்டு எல்லாவற்றையும் கடைசியில் அவிழ்க்கும் கெட்டிக்காரத்தனம் பிரதர்ஹுட்டில்தான் இருக்கிறது. பழையதன் முடிவு எனக்கு இன்றைக்கும் ஒட்டவில்லை.

நேரம் நிறைய இருந்தது என்பதற்காகப் பழசை எல்லாம் கொண்டாட முடியாது. டிராகன் பால் இசட் 291 எபிசோட். நமெக் கிரகம் இன்னும் ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் ஃப்ரீசா சொல்வான்; வாரக்கணக்கில் சண்டை நடந்துகொண்டே இருக்கும். மாங்காவைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காக ஜவ்வாக இழுத்தது அது. சின்ன வயதில் பார்த்தால் தெரியாது. இப்போது பார்க்க உட்கார்ந்தால் கை தானாக ரிமோட்டுக்குப் போகிறது.

ஆனால் காசும் ஆளும் போதாமல் செய்த சில வேலைகள்தான் பழைய அனிமேயின் பெரிய சொத்தும். 1963-ல் மாங்கா ஓவியர் தெசுகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரைத் தொடங்கியபோதே ஒரு படத்தை வைத்து எத்தனை பிரேம் ஓட்டலாம் என்ற கணக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்கையே 1995-ல் எவாஞ்சலியன் தொடர் கலையாக்கியது. 22-வது எபிசோடில் அஸுகாவும் ரேயும் லிஃப்டில் நிற்பார்கள். 50 நொடி இருக்கும், அசைவு என்று சொல்ல ஏறக்குறைய எதுவுமில்லை. லிஃப்ட் ஓடும் சத்தம் மட்டும். ஒருத்தியை ஒருத்திக்குப் பிடிக்காது என்பதை வசனத்தில் சொல்லியிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. முதல் தடவை நெட் நின்றுவிட்டதோ என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இதற்கு நேர் எதிர் டீமன் ஸ்லேயர். 2019-ல் வந்த முதல் சீசனின் 19-வது எபிசோடில் கதாநாயகன் டான்ஜிரோவின் வாள் நீரிலிருந்து நெருப்புக்கு மாறும் இடத்தை யூஃபோடேபிள் ஸ்டூடியோ செய்திருக்கும் விதத்துக்குக் குறையே சொல்ல முடியாது. கேமரா சுழல்கிறது, கையால் வரைந்ததும் கம்ப்யூட்டரில் செய்ததும் தையல் தெரியாமல் சேர்கின்றன. செல்லுலாய்டுத் தாளில் பெயின்ட் அடித்து ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்த காலத்தில் இதைத் தொலைக்காட்சித் தொடரில் நினைத்தே பார்த்திருக்க முடியாது. ஆனால் டான்ஜிரோ வாயை மூட மாட்டான். மூச்சு வாங்குகிறது, இங்கே வலிக்கிறது, அடுத்து இப்படித் திரும்ப வேண்டும் என்று மனதுக்குள் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பான். படமே சொல்கிறதே ஐயா, நீ வேறு எதற்கு?

புதியது என்றாலே அவசரம் என்று நான் முடிவுகட்டியிருந்தால் ஃப்ரீரன் என்ற தொடர் அதைக் கெடுத்திருக்கும். 2023-ல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோ எடுத்தது. முதல் நான்கு எபிசோடையும் ஜப்பானில் ஒரே இரவில் இரண்டு மணி நேரச் சிறப்பு நிகழ்ச்சியாகவே போட்டார்கள். அதுவும் நல்லதுதான். முதல் எபிசோடைத் தனியாகப் பார்த்தால் என்ன கதை என்றே பிடிபடாது. பத்து வருடம் கூடவே நடந்தவன் செத்த பிறகு, அவனைத் தெரிந்துகொள்ள முயலவே இல்லையே என்று ஆயிரம் வருடத்துக்கு மேல் வாழ்ந்த ஒருத்தி அழுகிறாள். அங்கிருந்துதான் தொடரே ஆரம்பம். 28 எபிசோட் இடைவெளி விடாமல் ஓடியதால் மூச்சுவிட இடமிருக்கிறது. இதே கதையை 12 எபிசோடில் அடைத்திருந்தால் போர்க் காட்சிகள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இசெகாய் பற்றிக் கேட்காதீர்கள். லாரி மோதி வேறு உலகத்தில் பிறக்கும் பையன்களில் யார் யார் என்று எனக்குக் குழம்பிவிட்டது.

பழசைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 90-களின் தொடர்கள் பெரும்பாலும் 4:3 என்ற பழைய டிவி அளவில் எடுத்தவை. டிவி செட்டிங்கில் படத்தை இழுத்து நிரப்பும் வசதியை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் குண்டாகத் தெரிவார்கள். மெருகேற்றிய பதிப்பும் இருந்து, பழைய பதிப்பும் இருந்தால் இரண்டிலும் ஒரு இருட்டுக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். ஃபிலிமின் பொடிப்பொடியான புள்ளிகளைத் துடைக்கிறேன் என்று மெல்லிய கோடுகளையும் சேர்த்துத் துடைத்த பதிப்புகள் உண்டு. 1998-ல் வந்த கௌபாய் பீபாப் மாதிரி பாதி நேரம் இருட்டிலும் சிகரெட் புகையிலும் நடக்கும் தொடரை நல்ல பதிப்பில்தான் பார்க்க வேண்டும். மொழி விஷயத்தில் புதியவற்றுக்குத்தான் யோகம். சோலோ லெவலிங் எல்லாம் தமிழ் டப்பிங்கிலேயே கிடைக்கிறது. பழையவற்றில் பெரும்பாலானவற்றுக்கு சப்டைட்டில்தான் கதி.