மலை ஏறும் ஆட்டோமேட்டிக் பிக்கப்: கியர்பாக்ஸ் ஆயில் சூட்டை எதில் பார்ப்பது?

கோத்தகிரியில் காய்கறி ஏற்றும் வண்டிகள் பெரும்பாலும் கியர் போட்டு ஓட்டுகிறவைதான். ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் என்னைப் பார்த்து, "உங்களுக்கென்ன அண்ணா, கிளட்ச் தேயற கவலையே இல்ல" என்பார்கள். கிளட்ச் கவலை இல்லை, சரி. ஆயில் கவலை இருக்கிறது. அதுவும் கீழே இறங்கும்போது இல்லை. உர மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்ப மேலே வரும்போது.

இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், ஆயிலைச் சுழற்றித்தான் விசையைக் கடத்துகிறது. ஓரளவு வேகம் வந்ததும் உள்ளே லாக் ஆகி இரண்டும் ஒன்றாகச் சுற்றும். கொண்டை ஊசி வளைவில் முதல் கியரில் ஊர்ந்தால் லாக் விழாது. வழுக்கும் விசையெல்லாம் சூடாக மாறி ஆயிலில் இறங்கும். மே மாத சீசனில் குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது பிரேக் மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தி மேட்டில் வண்டியைப் பிடித்து வைக்கிறோமே, அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. ஊட்டி குளிர்ச்சிதானே என்று நினைக்க வேண்டாம். சூடு ஏறுவது ஊட்டியில் இல்லை, மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டியதும் வரும் வெக்கையான ஏற்றத்தில்.

இதைக் கண்காணிக்க முதல் வழி, டாஷ்போர்டில் கம்பெனியே வைத்த எச்சரிக்கை விளக்கு. செலவில்லை. ஆனால் அது கண்காணிப்பு இல்லை, தீயணைப்பு மணி. எரிந்தால் ஓரம் கட்டி, பார்க்கில் போட்டு, இன்ஜினை அணைக்காமல் விளக்கு அணையும்வரை நிற்க வேண்டும். இன்ஜினை அணைத்தால் ஆயில் பம்பும் நின்றுவிடும்; ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்கு ஆயில் போகாது. அடுத்தது, கையில் பிடித்து அடிக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி. வண்டியை நிறுத்தி, கீழே குனிந்து, கியர்பாக்ஸ் அடியில் ஆயில் தேங்கும் தட்டான பானின் வெளித்தகட்டை அளப்பது. பளபளக்கும் அலுமினியத்தில் சூட்டைக் குறைத்தே காட்டும். மெக்கானிக் கையில் இருக்கட்டும், நமக்கு வேண்டாம்.

உண்மையான போட்டி மற்ற மூன்றுக்குள்தான்.

ஸ்டியரிங் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க இருக்கும் 16 பின் ஓபிடி போர்ட்டில் ஒரு புளூடூத் ஸ்கேனரைச் செருகி, போனில் டார்க் (Torque) அல்லது கார் ஸ்கேனர் என்ற ஆப்பில் பார்ப்பது மலிவான வழி. கியர்பாக்ஸுக்குள் கம்பெனி வைத்த சென்சாரின் கணக்கையே காட்டும். எங்கேயும் ஓட்டை போட வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டைக் கேட்க எல்லா வண்டிக்கும் பொதுவான குறியீட்டு எண் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு அப்படி இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி வேறு. உங்கள் வண்டிக்கான குறியீட்டு எண்ணைத் தேடி ஆப்பில் நாமே ஏற்ற வேண்டும். மலிவான போலி ஸ்கேனர்கள் பாதி கட்டளைகளுக்குப் பதிலே சொல்லாது. வளைவுக்கு நடுவில் போன் அழைப்பு வந்தால் திரையும் போய்விடும். ராத்திரி கழற்ற மறந்தால் பேட்டரி இறங்கும், ஏனென்றால் அந்த போர்ட்டுக்குச் சாவி இல்லாமலே மின்சாரம் வரும்.

அதே போர்ட்டில் ஒயரோடு செருகும் சிறு டிஸ்ப்ளே இரண்டாவது. போன் வழியைவிடச் செலவு அதிகம். ஆனால் எண் எப்போதும் கண்முன் நிற்கும், குறித்த அளவைத் தாண்டினால் கத்தும். வாங்கும் முன் உங்கள் மாடலின் கியர்பாக்ஸை அது படிக்கிறதா என்று உறுதி செய்வது முக்கியம்.

மூன்றாவது, தனி சென்சார் போட்ட 52 மில்லிமீட்டர் முள் மீட்டர். பார்க்க அழகு, கம்ப்யூட்டரை நம்பி இருக்காது. எனக்கு ஆசை இதன் மேல்தான் இருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கூலர் பைப்பை வெட்டி டி-இணைப்பு போட்டுத் தந்தார்கள். பத்தே நாளில் இணைப்பில் கசிவு. சிவப்பு ஆயில் சொட்டியதை வாசலில் பார்த்ததால் தப்பித்தேன். ஆட்டோமேட்டிக்கில் ஆயில் குறைந்தால் கியரே பிடிக்காது. வாரன்டி உள்ள வண்டி என்றால் அதுவும் கேள்விக்குறி. பானில் சென்சார் போட்டால் எண் நிதானமாக ஏறி இறங்கும். கன்வெர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் பைப்பில் போட்டால் ஒவ்வொரு வளைவுக்கும் துள்ளும். கூலரிலிருந்து திரும்பும் பைப்பில் போட்டால் குளிர்ந்த ஆயிலைக் காட்டி ஏமாற்றும். இரண்டு வண்டிக்காரர்கள் எண்ணை ஒப்பிட்டுச் சண்டை போடும் முன், சென்சார் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு ஒயர் டிஸ்ப்ளேவுக்கு. வாரத்துக்கு ஒரு நடை மட்டும் ஏறுபவருக்குப் போனே போதும். முள் மீட்டர், கம்ப்யூட்டர் சூட்டைச் சொல்லாத பழைய வண்டிக்கு.

பானில் அளக்கும் என் வண்டிக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: 80 முதல் 95 டிகிரி சாதாரணம். ஏற்றத்தில் 110 தொட்டால் மேனுவல் மோடில் ஒரு கியர் குறைத்து ஆர்பிஎம்மை ஏற்றுவேன். 120 என்றால் ஓரம், நியூட்ரல், கொஞ்சம் ஆக்சிலரேட்டர். மற்றபடி உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு.

எதை வாங்கினாலும் ஒரு சோதனை. உறைபனிக் காலத்தில் ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கூலன்ட், கியர்பாக்ஸ் இரண்டு எண்களையும் பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்க வேண்டும். ஓட்டத் தொடங்கியதும் கூலன்ட் சட்டென்று ஏறும், கியர்பாக்ஸ் பின்தங்கி வரும். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறினால், நீங்கள் பார்ப்பது கூலன்ட் சூட்டையேதான். ஆப்பில் போட்ட குறியீட்டு எண்ணை மாற்றுங்கள்.